28 வருடம் கழித்து ஸ்கேனில் தெரிந்த கல்நார்: இனி நான் என்ன செய்ய வேண்டும்?

பாய்லர்காரர் (திங்கள், காலை 6:50)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 57 வயது. 1986 முதல் 1997 வரை பதினோரு வருடம் லேகிங் வேலை பார்த்தேன். பாய்லர், நீராவிக் குழாய், வால்வு என்று எல்லாவற்றிலும் பழைய வெப்பக் காப்பைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவோம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாவு மூட்டையில் வரும். டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையாலேயே பிசைந்து குழாய் மேல் பூசுவோம். மூட்டையைக் கவிழ்க்கும்போது வெள்ளையாக ஒரு புகை எழும்பும். கூரை ஓட்டை வழியாக வெயில் விழுந்தால் அதில் ஊசி ஊசியாக மின்னும். முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. அது ஆபத்து என்று அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

அப்புறம் அந்த வேலையை விட்டு வண்டி ஓட்டப் போய்விட்டேன். போன மாதம் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏதோ சந்தேகம் வந்து சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். "இருபுறமும் கால்சியம் படிந்த புளூரல் பிளேக்குகள்" என்று ரிப்போர்ட். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கல்நாரில் வேலை பார்த்தீர்களா?" என்பதுதான். 28 வருடமாக நான் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம்.

இருமல் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்து சிகரெட் உண்டு, மறைக்கவில்லை. இது புற்றுநோயின் ஆரம்பமா? உள்ளே போன தூசியைக் கழுவி எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுரையீரல்_மருத்துவர் (திங்கள், காலை 9:15)

ஐயா, பிளேக் புற்றுநோய் அல்ல. அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்கு உறை இருக்கிறது. விலா எலும்பை ஒட்டிய வெளி அடுக்கில் தழும்பு விழுந்து, நாளாக நாளாகச் சுண்ணாம்பு படிந்து கெட்டியாவதைத்தான் பிளேக் என்கிறோம். கல்நாரைச் சுவாசித்து இருபது, முப்பது வருடம் கழித்தே அது பெரும்பாலும் கண்ணில் படும். பலருக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை. ஆனால் உங்கள் உடம்புக்குள் கல்நார் போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதனால் மற்ற நோய்களுக்கான அபாயமும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

கழுவி எடுக்க வழியில்லை. காரணத்தைச் சொல்கிறேன். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆபத்தான கல்நார் இழைகளில் பல ஒரு மைக்ரானைவிட மெல்லியவை. அதனால் மூக்கையும் சளியையும் தாண்டிக் காற்றறை வரை போய்விடும். அங்கே கிருமியை விழுங்குவதற்கென்றே இருக்கும் வெள்ளணுக்கள் இழையையும் விழுங்கப் பார்க்கும். இழை அணுவைவிட நீளமாக இருந்தால் பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்றுவிடும். அந்த அணு செத்து, அதற்குள் இருந்த ரசாயனம் கசிந்து, பக்கத்துத் திசு புண்ணாகும். அடுத்த அணு வரும், அதற்கும் அதே கதி. இழை கல் என்பதால் கரையாது. இப்படியே பல வருடங்கள் ஓடும். நீங்கள் வேலையை விட்டு 28 வருடம் ஆகியும் உள்ளே அது நிற்கவில்லை.

இதிலிருந்து என்னென்ன வரலாம்? அதிகத் தூசியில் நெடுநாள் இருந்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் அஸ்பெஸ்டோசிஸ் வரலாம். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், மூச்சு இழுத்து முடிக்கும் நேரத்தில் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். நுரையீரல் புற்றுநோய் வரலாம். அடுத்தது மீசோதீலியோமா, அந்த உறையிலேயே வரும் புற்றுநோய். குரல்வளைப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் கல்நார் காரணம் என்பதும் உறுதியாகியிருக்கிறது. உங்கள் ஸ்கேனில் தழும்பேற்றம் இருப்பதாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் வாயுப் பரிமாற்றச் சோதனையும் ஒருமுறை செய்து எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

சிகரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த உரையாடலில் நான் சொல்லப்போவதில் அதுதான் முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உங்களைப் போலவே காப்புச் சுற்றும் வேலை பார்த்த 17,800 பேரை மருத்துவர் இர்விங் செலிகாஃப் குழு பின்தொடர்ந்தது. 1979இல் வந்த அவர்கள் கணக்கு இது: புகையும் இல்லை, கல்நாரும் இல்லை என்பவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயத்தை 1 என்று வைத்தால், கல்நார் மட்டும் பட்டவருக்கு 5. புகை மட்டும் என்றால் 11. இரண்டும் இருந்தால் 53. பின்னால் வந்த ஆய்வுகளில் கடைசி எண் இவ்வளவு பெரிதாக வரவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் வெறும் கூட்டுத்தொகையோடு நிற்காது என்பது மாறவில்லை. அதே தொழிலாளர்களைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில், சிகரெட்டை விட்டவர்களுக்குப் பத்து வருடத்துக்குள் அபாயம் கணிசமாக இறங்கியிருந்தது. கல்நாரை உங்களால் வெளியே எடுக்க முடியாது ஐயா. சிகரெட்டை விட முடியும்.

பிரேக்_மெக்கானிக் (திங்கள், மதியம் 1:30)

நான் இருபது வருடமாக லாரிகளுக்கு பிரேக் லைனிங் மாற்றுகிறேன். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியை ஊதுவதுதான் பழக்கம். அந்தக் கறுப்புத் தூசியிலும் இது இருக்குமா? பயமாக இருக்கிறது.

தூசு_அளப்பவர் (திங்கள், மாலை 4:05)

தம்பி, லைனிங் கல்நார் கலந்ததா என்பதைப் பொறுத்தது அது. பழைய லைனிங்குகளில் நிறைய இருந்தது. பிரேக் பிடிக்கும்போது எழும் சூட்டில் லைனிங்கில் இருக்கும் வெள்ளைக் கல்நார் என்ற வகையின் பெரும்பகுதி சிதைந்து ஃபார்ஸ்டெரைட் என்ற வேறு கனிமமாகிவிடும். அதனால் டிரம்முக்குள் இருக்கும் தூசியில் இழை குறைவாகத்தான் மிஞ்சும், ஆனால் மிஞ்சும். புது லைனிங்கை அரம் போட்டோ கிரைண்டரில் பிடித்தோ விளிம்பு தேய்க்கும்போது இன்னும் மோசம். அது சூடு படாத, சிதையாத கல்நார்.

கம்ப்ரஸர் காற்றை இன்றோடு நிறுத்துங்கள். சேர்ந்து கிடக்கும் தூசியைப் பட்டறை முழுவதும் பரப்பும் வேலை அது. மெல்லிய இழை பல மணி நேரம் காற்றில் மிதக்கும். பக்கத்தில் டயர் மாற்றுகிறவரும் அதைத்தான் சுவாசிப்பார். தண்ணீரில் சோப்புக் கலந்து நனைத்து, ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் துணியை உதறாமல், பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

ஷீட்_மேஸ்திரி (திங்கள், இரவு 8:20)

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். நான் கூரை ஷீட் வேலை பார்க்கிறேன், என் அப்பாவும் இதே வேலைதான். அவருக்கு 78 வயது, இன்றும் சைக்கிள் ஓட்டுகிறார். ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார், அதுவும் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது. நீலக் கல்நார்தான் விஷம், வெள்ளை ஒன்றும் செய்யாது என்று கம்பெனி ஆட்களே வந்து கூட்டம் போட்டுச் சொன்னார்கள். லேகிங் வேறு, ஷீட் வேறு.

தூசு_அளப்பவர் (திங்கள், இரவு 10:40)

அண்ணே, நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை. லேகிங் கையால் நசுக்கினாலே பொடியாகும். சிமெண்ட் ஷீட் அப்படியில்லை. அதில் கல்நார் பத்து முதல் பதினைந்து சதவீதம்தான் இருக்கும், அதுவும் சிமெண்டோடு பிணைந்திருக்கும். உடையாமல், துளைக்காமல் மேலே கிடக்கிற ஷீட்டிலிருந்து வருவது மிகக் குறைவு. ஆனால் உங்கள் வேலையே அதை அறுப்பதும் துளைப்பதும் அல்லவா? டிஸ்க் கட்டரை வைத்தால் அந்தப் பிணைப்பைத்தான் முதலில் உடைக்கிறீர்கள்.

நீலம், வெள்ளை விஷயத்துக்கு வருவோம். வித்தியாசம் இருப்பது உண்மை. ஹாட்ஜ்சன், டார்ன்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஒரு கணக்குப் போட்டார்கள். மீசோதீலியோமா வரும் அபாயம் வெள்ளைக்கு 1 என்றால் பழுப்பு வகைக் கல்நாருக்கு 100, நீலத்துக்கு 500 என்ற அளவில் வந்தது. கம்பெனி ஆட்கள் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதே கணக்கில் நுரையீரல் புற்றுநோய்க்கு இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது, வெள்ளைக்கு 1 என்றால் மற்றவற்றுக்கு 10 முதல் 50 வரைதான். அதைச் சொல்ல மாட்டார்கள். குறைந்த விஷம் என்பதும் விஷம் இல்லை என்பதும் ஒன்றா? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. உலகம் பயன்படுத்திய கல்நாரில் மிகப் பெரும்பங்கும் வெள்ளைதான்.

உங்கள் அப்பா நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். கல்நாரில் வேலை பார்த்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு மீசோதீலியோமா வராது. ஆனால் அவருடன் வேலை பார்த்து இப்போது உயிரோடு இல்லாதவர்கள் எதனால் போனார்கள் என்று யாராவது கேட்டு வைத்திருக்கிறார்களா? நலமாக இருப்பவரைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம்.

என் வேலை தூசியை அளப்பது. தொழிலாளியின் சட்டைக் காலரில் ஒரு சின்ன வடிகட்டியை மாட்டி, இடுப்பில் பம்பைக் கட்டி, அவர் சுவாசிக்கும் காற்றை இழுத்து, பிறகு நுண்ணோக்கியில் இழைகளை எண்ணுவேன். 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குக் கீழ் அகலம், அகலத்தைப்போல் மூன்று மடங்காவது நீளம் இருந்தால் ஒன்று என்று கணக்கு. அமெரிக்காவில் 1994 முதல் உள்ள வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன செ.மீ. காற்றில் 0.1 இழை. கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரித் தோன்றும். ஒரு ஷிஃப்டில் உழைக்கும் மனிதர் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர், அதாவது ஒரு கோடி கன செ.மீ. பெருக்கிப் பாருங்கள்: வரம்புக்கு உட்பட்டே ஒரு நாளைக்குப் பத்து லட்சம் இழை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வரம்பை 0.01 என்று பத்தில் ஒரு பங்காகக் குறைக்க முடிவெடுத்தது. இதற்குக் கீழே போனால் புற்றுநோய் அபாயமே இல்லை என்று ஓர் அளவை இதுவரை யாராலும் காட்ட முடியவில்லை.

ஷீட்_மேஸ்திரி (செவ்வாய், காலை 6:10)

பத்து லட்சம் என்பதை இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் கட்டரை வைத்ததும் எங்கள் கண் இமையெல்லாம் வெள்ளையாகிவிடும். அப்படியே போய்ச் சாப்பிட உட்காருவோம். அடுத்த வாரம் ஒரு பழைய கொட்டகையைப் பிரிக்க வேண்டும், ஒப்புக்கொண்டாகிவிட்டது. என்னோடு மூன்று பையன்கள் இருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

தூசு_அளப்பவர் (செவ்வாய், காலை 7:30)

கேட்டதற்கு நன்றி அண்ணே. முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் இந்த வேலைக்கு உரிமம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

நீங்களே செய்வதானால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். பீய்ச்சி அடிக்கக் கூடாது, அது மேற்பரப்பையே அரித்து இழையைக் கிளப்பும். ஈர ஷீட் வழுக்கும், பழைய ஷீட் ஆளைத் தாங்காது. அதனால் மேலே ஏறி நிற்காமல் சாரத்திலிருந்தோ கீழிருந்தோ வேலை செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்குங்கள். சுத்தியலால் உடைத்துத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. துரு ஏறிய போல்ட்டை நனைத்துக்கொண்டே கையால் பிடிக்கும் போல்ட் கட்டரால் வெட்டுங்கள், ஷீட்டை வெட்டாதீர்கள். இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

துணியும் அறுவை சிகிச்சை முகக்கவசமும் இதற்கு உதவாது. நுண்துகளுக்கான பி100 அல்லது பி3 வடிகட்டி மாட்டிய ரப்பர் முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது, பையன்களை மழிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த உடுப்போடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

வெண்ணிலா_77 (செவ்வாய், மதியம் 12:45)

கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அம்மா எந்தத் தொழிற்சாலையிலும் கால் வைத்ததில்லை. அப்பா கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். மாலையில் அவர் வந்ததும் அம்மா பின்கட்டில் நின்று சட்டையை நான்கு உதறு உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவார். நானும் தம்பியும் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருப்போம். சட்டைப் பையின் மூலையில் பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் திரண்டிருக்கும். அதை நகத்தால் சுரண்டி எடுப்பார்.

அம்மாவுக்கு 66 வயதில் வலது பக்கம் மார்பில் நீர் கோத்தது. எடுத்தார்கள், மறுபடி கோத்தது. காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். பயாப்சி செய்து மீசோதீலியோமா என்று தெரிய ஏழு மாதம் ஆனது. "உங்கள் வீட்டில் யாராவது கல்நாரில் வேலை பார்த்தார்களா?" என்று அந்த ஏழு மாதத்தில் ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். அதற்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தார். அப்பா கடைசிவரை தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பாய்லர்கார அண்ணா, உங்கள் துணியைத் துவைத்தது யார்?

நுரையீரல்_மருத்துவர் (செவ்வாய், இரவு 9:00)

அம்மா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். உங்கள் கேள்வியை ஒவ்வொரு மருத்துவரும் கேட்டே ஆக வேண்டும். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் உடனிருந்தவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் பலர் சுரங்கத் தொழிலாளிகளே அல்ல, நீலக் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். 1965இல் லண்டனில் நியூஹவுஸும் தாம்ப்சனும் செய்த ஆய்வில், தொழிலாளியின் உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள். மீசோதீலியோமாவுக்கும் புகைப்பதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் முப்பது, நாற்பது வருடம் கழித்து வரும். குறைந்த அளவு பட்டவருக்கும் வரலாம். ஆனால் பட்ட அளவு கூடக் கூட வாய்ப்பும் கூடும்.

அறிகுறி இல்லாதவருக்கு இதை முன்கூட்டியே பிடிக்க நம்பத்தகுந்த இரத்தப் பரிசோதனை கிடையாது. அப்படி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். புகைப் பழக்கமும் கல்நாரும் சேர்ந்தவர்கள், நுரையீரல் புற்றுநோய்க்காகக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேனை ஆண்டுதோறும் எடுக்கலாமா என்று தங்கள் மருத்துவரிடம் பேசலாம். பாய்லர்காரர் ஐயா, உங்களுக்கு இது பொருந்த வாய்ப்புண்டு. ஒரு பக்கம் விடாமல் மார்பு வலி, திரும்பத் திரும்ப நீர் கோப்பது, காரணமின்றி எடை குறைவது, புதிதாக மூச்சுத் திணறல், சளியில் இரத்தம் என்று எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக "நான் பதினோரு வருடம் கல்நாரில் இருந்தவன்" என்று சொல்லிவிடுங்கள். மீசோதீலியோமா சிகிச்சையும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் சேர்த்துத் தரும் நோயெதிர்ப்பு சிகிச்சைக்கு 2020இல் அனுமதி கிடைத்தது. அதற்கான மருந்துச் சோதனையில் கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 14.1 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 18.1 மாதம். குணமாக்கும் மருந்து என்று என்னால் சொல்ல முடியாது.

பழைய_சங்கத்துக்காரர் (புதன், காலை 8:25)

பாய்லர்காரர் தோழரே, ஒருவரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெரியாததால் சொல்லாமல் விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ராச்டேலில் கல்நார் நூற்பாலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924இல் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பற்றி டாக்டர் குக் அந்த வருடமே மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் அரசின் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் மெரிவெதர் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்து, நால்வரில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறியிருப்பதைக் கண்டார். 1931இல் அங்கே தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 1955இல் மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால், இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் பத்து மடங்கு என்று காட்டினார். நீங்கள் அந்த டிரம்மில் கை வைத்தது 1986. அதே வருடம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கல்நாருக்கென்றே 162ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. தெரிந்த செய்தி உங்கள் டிரம் வரை வந்து சேரவில்லை, அதுதான் நடந்தது.

இனி செய்ய வேண்டியது: எழுதுங்கள். நோய் வருவதற்குள் கம்பெனி மூடியிருக்கும், கான்ட்ராக்டர் போயிருப்பார், ரிஜிஸ்டர் கரையான் அரித்திருக்கும். இழப்பீட்டு வழக்குகளில் தொழிலாளி தோற்பதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நோய் இருக்கும், கல்நார் பட்டதற்குக் காகிதம் இருக்காது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் ஒரு கல்நார் வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டு 15 வருடம், எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. அப்படி ஓர் ஏடு உங்களுக்கு இருந்ததா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நீங்களே எழுதும்போது "கல்நார் வேலை, 11 வருடம்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஹெல்சின்கி அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கன செ.மீ.க்கு எத்தனை இழை என்பதை எத்தனை வருடம் என்பதால் பெருக்கி 25 வந்தால், நுரையீரல் புற்றுநோய் அபாயம் இரட்டிக்கும் அளவு என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்தக் காலத்தில் யாரும் தூசியை அளக்கவில்லை. அதனால் நிபுணர் உங்கள் விவரத்தை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். உலர்வாகக் கொத்தினீர்களா, நனைத்தா? மூடிய அறையா, திறந்த இடமா? ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை? மூட்டை மேல் என்ன எழுதியிருந்தது? பக்கத்தில் நின்றது யார்? உங்கள் நாட்டில் இழப்பீடு கேட்கக் காலக்கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் உடனே விசாரியுங்கள். பல இடங்களில் நோய் தெரிந்த நாள்தான் கணக்கு.

பாய்லர்காரர் (ஞாயிறு, மாலை 5:30)

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமையிலிருந்து சிகரெட் இல்லை. நான்கு நாள்தான் ஆகிறது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோதனையில் ஸ்பைரோமெட்ரி சரியாக இருக்கிறது, ஸ்கேனில் தழும்பேற்றம் இல்லை. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க டாக்டர் ஒப்புக்கொண்டார்.

வெண்ணிலா தங்கச்சி, என் துணியைத் துவைத்தது என் மனைவி. 1993இல் கல்யாணம், அதிலிருந்து நான்கு வருடம். அவளிடம் நேற்றுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அந்த நீலச் சட்டை எத்தனை அலசினாலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் வரும்" என்றாள். அவளையும் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு பக்கம்கூட வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு பாய்லரையும் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன், இப்போது முப்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது. இரண்டாவது பாய்லர் அறைக்கு ஜன்னலே கிடையாது. பழைய லேகிங்கை அங்கே உலர்வாகத்தான் கொத்துவோம், நனைத்தால் வேலை தாமதமாகும் என்று மேஸ்திரி விடமாட்டார். ஒரு நாளைக்கு ஆறு மூட்டை, சில நாள் எட்டு.

பக்கத்தில் நின்றவர்கள் என்று ஏழு பெயர் எழுதினேன். இரண்டு பேர் "மூச்சு நோயில்" போய்விட்டதாக இப்போதுதான் தெரிந்தது. மூன்று பேரிடம் பேசிவிட்டேன், அவர்களும் எழுதுகிறார்கள். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ஏழாவது, மூட்டை பிரித்துத் தரும் பையன். அப்போது அவனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். காலி மூட்டைகளை மடித்துத் தலைக்கு வைத்து மதியம் தூங்குவான். அவன் நம்பர் இன்று காலையில் கிடைத்தது. இரவு வேலைக்குப் போகிறவனாம், ஏழு மணிக்கு மேல் எடுப்பான் என்றார்கள். கூப்பிடப் போகிறேன்.